பாட்டு யாருடையது?

ஒரு பாடல் நமக்குப் பிடித்துவிட்டால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "யார் பாடியது?" என்பதுதான். "யார் எழுதியது?" என்று கேட்பவர் மிகச் சிலர். "இந்த ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்?" என்று கேட்பவரை நான் இதுவரை சந்தித்ததே இல்லை. இம்மூன்று கேள்விகளையும் பதினேழு வயதிலேயே தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்ட ஓர் இளம் நடிகையைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் ஒலிவியா ரோட்ரிகோ.

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் ஓர் அமெரிக்கப் பாடகிக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். நியாயமான கேள்விதான். கட்டுரையின் இறுதியில் அதற்குப் பதில் இருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுமை காக்க வேண்டுகிறேன்.

என் வயதினர் பலருக்கு இவர் அறிமுகமானது 2021ஆம் ஆண்டு ஜனவரியில். எஸ்.பி.எம். 2020 தேர்வு பெருந்தொற்றால் அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப் போயிருந்த காலம் அது. பாடநூலும் கையுமாக வீட்டில் அடைந்து கிடந்த எங்கள் திறன்பேசிகளில் 'டிரைவர்ஸ் லைசென்ஸ்' என்ற பாடல் வந்து விழுந்தது. காரின் எச்சரிக்கை மணியோசையில் தொடங்கி, அந்த ஓசையே மெல்லப் பியானோவாக மாறும் பாடல். ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது, ஆனால் காரை ஓட்டிப் போய்ப் பார்க்க வேண்டியவர் விலகிப் போய்விட்டார் என்பதே அதன் கரு. நம் நாட்டிலும் பதினேழு வயதில்தானே 'பி' எழுத்தை ஒட்டிக்கொண்டு காரை எடுக்கிறோம்? அதனால் கலிபோர்னியாவின் புறநகர்ச் சாலை எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஜனவரி 8ஆம் நாள் வெளிவந்த அப்பாடல், அமெரிக்காவின் பில்போர்டு நூறு பாடல்கள் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்து, எட்டு வாரங்கள் அங்கேயே நின்றது. அதைப் பாடியவருக்கு அப்போது வயது பதினேழு. தொழில், நடிப்பு.

நடிகையைப் பாடவைக்கும் ஆலை

நடிக்கும் சிறுமியைப் பாடவைப்பது டிஸ்னி நிறுவனத்துக்குப் புதிதன்று. 1955இல் தொடங்கிய 'மிக்கி மவுஸ் கிளப்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய அனெட் ஃபுனிசெல்லோவை நிறுவனமே பாடகியாக்கியது. அவருடையது மெல்லிய குரல். அதனால் அவர் பாடியதையே இருமுறை பதிவு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து, எதிரொலியும் கூட்டி வெளியிட்டார்கள். 1959இல் வந்த 'டால் பால்' அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களுக்குள் வந்தது. எழுதியவர்களும் குரலைத் தடிப்பாக்கியவர்களும் வேறு. முகம் மட்டும் அவருடையது.

2003இல், 'லிஸி மெக்குவாயர்' தொடரின் நாயகி ஹிலாரி டஃப் 'மெட்டமார்ஃபோசிஸ்' ஆல்பத்தை வெளியிட்டார். வெளியிட்டது ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ். அதுவும் டிஸ்னியின் நிறுவனமே. 2006இல் 'ஹானா மொன்டானா' வந்தது. அதில் நடித்த மைலி சைரஸின் குரல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஆனால் பாடியவராக முன்னிறுத்தப்பட்டது அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர்! 2007இல் அவர் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்புகூட, அந்தப் பாத்திரத்தின் இரண்டாம் இசைத்தட்டோடு சேர்த்து ஒரே உறையில்தான் விற்கப்பட்டது. தன் பெயரைக்கூடத் தான் நடித்த பாத்திரத்தின் தோளில் ஏறித்தான் வெளியே காட்ட வேண்டியிருந்தது.

இவர்களை நான் குறை சொல்லவில்லை. இவர்கள் திறமைசாலிகள், பின்னாளில் தங்களுக்கென்று ஒரு வழியைக் கண்டவர்கள். ஆனால் இந்த ஆலையின் போக்கு ஒன்றுதான். தொடர் ஒரு கை, பாடல் மறு கை; இரண்டும் ஒரே உடலுக்குச் சொந்தம். சிறுமி வளர்ந்ததும் அடுத்த சிறுமி வருவாள்.

எழுதும் கை

ரோட்ரிகோவும் இதே வாசல் வழியாக வந்தவர்தான். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தை வழியில் பிலிப்பீன்ஸ் வம்சாவளி. அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கிருந்து அமெரிக்கா சென்றவர். 2016இல் டிஸ்னி சேனலின் 'பிசார்ட்வார்க்' தொடரில் நடிக்கத் தொடங்கினார். அந்தப் பாத்திரத்துக்காகவே கித்தார் கற்றுக்கொண்டார். 2019இல் 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' பெயரில் வந்த புதிய தொடரில் நாயகியானார்.

திருப்பம் இங்கேதான் வருகிறது. அத்தொடரின் ஒரு காட்சிக்கான 'ஆல் ஐ வான்ட்' என்ற பாடலை அவரே எழுதினார். அப்பாடல் பில்போர்டு பட்டியலின் கடைசிப் படிகளில் எட்டிப் பார்த்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிக் கொடுத்ததைப் பாடும் ஒருத்தி எழுதவும் வல்லவள் என்பதை அது காட்டிவிட்டது.

2020இல் அவர் தாம் எழுதிய 'ஹேப்பியர்' என்ற பாடலின் ஒரு துண்டை இன்ஸ்டகிராமில் பாடிப் பதிவேற்றினார். அதைக் கேட்ட இசைத் தயாரிப்பாளர் டேன் நிக்ரோ அவரைத் தேடி வந்தார். அதன் பிறகு ரோட்ரிகோ ஒப்பந்தம் செய்துகொண்டது ஹாலிவுட் ரெக்கார்ட்ஸோடு அன்று. யுனிவர்சல் குழுமத்தைச் சேர்ந்த கெஃபன் நிறுவனத்தோடு. தொடர் ஒரு வீட்டிலும் பாடல் வேறு வீட்டிலுமாகப் பிரிந்தது. இந்த ஒரு முடிவே அவருடைய இசைப் பயணத்தின் அடித்தளம் என்பது என் கருத்து.

2021 மே 21இல் வெளிவந்த முதல் ஆல்பம் 'சவர்'. பொருள், புளிப்பு. பதினொரு பாடல்கள். எல்லாவற்றிலும் எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் நிக்ரோவின் பெயரும் உண்டு. தனியொருத்தியாகச் சாதித்தார் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். 2022இல் நடந்த கிராமி விழாவில் சிறந்த புதிய கலைஞர் விருது உட்பட மூன்று விருதுகளை அவர் பெற்றார்.

இரண்டாம் ஆல்பமான 'கட்ஸ்' 2023 செப்டம்பர் 8இல் வந்தது. அதில் 'லேசி' என்றொரு பாடல். இன்னொரு பெண்ணின் அழகைக் கண்டு வியந்து, வியப்பே பொறாமையாகி, பொறாமை தன்மீதே வெறுப்பாவதைப் பாடுகிறது. இது தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர் கலந்துகொண்ட கவிதை வகுப்பின் ஒப்படைப்பாகத் தொடங்கியதாம்! நாம் இரவு பன்னிரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் முடித்து அனுப்பும் ஒப்படைப்புகளை இங்கே நினைவுகூர்வது நல்லது.

"காதல் தோல்விப் பாட்டுதானே?"

இவரைப் பற்றிப் பேசினால் நம் மாணவர்களிடம் இரண்டு எதிர்ப்புகள் வருகின்றன. முதலாவது, "சின்னப் பெண்ணின் காதல் தோல்விப் பாட்டுதானே? இதில் என்ன இலக்கியம்?"

'டிரைவர்ஸ் லைசென்ஸ்' வந்தபோது உலகமே அந்தப் பையன் யார், அந்த இன்னொரு பெண் யார் என்று துப்பறியக் கிளம்பியது. எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டன. பாடலின் கட்டமைப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆண் ஒருவன் பிரிவைப் பாடினால் அது கலை. பெண் பாடினால் அது வம்பு! இந்தப் பார்வை நம்மிடமும் இருக்கிறது.

ஆனால் நம் மொழியின் வரலாறு வேறு விதமாக அல்லவா சொல்கிறது? பிரிவுத் துயரைப் பாடிய வெள்ளிவீதியாரைச் சங்கப் புலவர் வரிசையில் வைத்துப் படிக்கிறோம். ஆண்டாள் தம் பாசுரத் தொகுதிகளின் முடிவில் தம் பெயரையும் தந்தையின் பெயரையும் ஊரையும் பதித்துச் சென்றிருக்கிறார். அப்பாடல்களோடு ஒரு பாப் பாடலை நான் ஒப்பிடவில்லை. ஒரு பெண் தன் மனத்தில் பட்டதைத் தன் பெயரிட்டுச் சொல்வது அற்பமான செயல் என்று தமிழ் ஒருபோதும் கருதவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

'கட்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாடலைக் கேட்டுப் பாருங்கள். வயதுக்கு மீறிய திறமை என்று எல்லாரும் புகழ்கிறார்களே, வயது ஏறிவிட்டால் இந்தப் புகழ் என்னவாகும் என்று அதில் அஞ்சுகிறார். இதில் காதலனே இல்லை. ஆலை அடுத்த சிறுமியைத் தேடும் என்பதை அறிந்த ஒருத்தியின் அச்சம் இது. சிறு வயதில் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று பெயர் வாங்கிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில் தடுமாறியவர்களுக்கு இந்த அச்சம் புரியும்.

கடனா, களவா?

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கடுமையானது. "இவர் மற்றவர்களின் மெட்டைத் திருடியவர்."

நடந்ததைப் பார்ப்போம். 'சவர்' ஆல்பத்தில் ஒரு பாடல், டெய்லர் ஸ்விஃப்டின் பழைய பாடலொன்றின் இசைத் துணுக்கைப் பயன்படுத்தியது. அதற்கு ஸ்விஃப்ட், ஜாக் ஆன்டனாஃப் ஆகியோரின் பெயர்கள் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டன. இதில் சிக்கலில்லை. பின்னர் 2021 ஜூலையில் 'டேஜா வூ' பாடலுக்கும் ஸ்விஃப்ட் உள்ளிட்ட மூவரின் பெயர்கள் சேர்ந்தன. காரணம், ஸ்விஃப்டின் 'குரூவல் சம்மர்' பாடலில் கத்திப் பாடும் பகுதி தமக்குத் தூண்டுதலாக இருந்ததாக ரோட்ரிகோவே பேட்டியில் கூறியிருந்தார். ஆகஸ்ட்டில் 'குட் ஃபோர் யூ' பாடலுக்கு, பாரமோர் குழுவின் ஹேலி வில்லியம்ஸ், ஜோஷ் ஃபாரோ ஆகியோரின் பெயர்கள் சேர்ந்தன. அக்குழுவின் 'மிசரி பிஸ்னஸ்' பாடலோடு அது ஒத்திருந்ததைப் பலரும் சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

ஆனால் மூத்த கலைஞர் எல்விஸ் காஸ்டெல்லோ வேறு விதமாக நடந்துகொண்டார். 'புரூட்டல்' பாடலின் கித்தார் ஓசை அவருடைய 'பம்ப் இட் அப்' பாடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருவர் குற்றம்சாட்டியபோது, தமக்கு அதில் ஆட்சேபமில்லை என்று கூறிவிட்டார். தாம் பாப் டிலனிடமிருந்தும், டிலன் சக் பெரியிடமிருந்தும் பெற்றதையும் குறிப்பால் உணர்த்தினார். ராக் இசை அப்படித்தான் வளர்ந்தது என்பது அவர் நிலைப்பாடு.

இதில் என் கருத்து இதுதான். மெட்டை எடுத்தால் பெயரைச் சொல்ல வேண்டும்; பங்கையும் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கத்திப் பாடும் முறை, கோபத்தின் தொனி, ஒரு காலத்தின் ஓசை ஆகியவை யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அவற்றுக்கும் பட்டா போட்டால் நாளை எந்த இளம் கலைஞரும் தமக்குப் பிடித்த முன்னோடியின் பெயரை வாய்திறந்து சொல்லமாட்டார். மனமார நன்றி சொன்னவருக்கே செலவு வைப்பது நல்ல வழக்கமன்று.

இந்த விவாதம் நமக்குத் தொலைவானதும் அன்று. 2006இல் நம் நாட்டின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பின் புகழ்பெற்ற 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலின் மேல் எழுந்ததுதான். அதைக் கேட்டு வளர்ந்த நாம், பழையதன் மேல் புதியதைக் கட்டுவது இழிவு என்று சொல்ல முடியாது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் தம் 'குணா' படப் பாடல் பயன்பட்டதற்காக அதே இளையராஜா வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியபோது, நம்மில் பலர் "பேராசை" என்று கேலி செய்தோம். பாடல் யாருடையது என்ற கேள்வியே நமக்குப் பழக்கமில்லாததால் வந்த கேலி அது.

மூல ஒலிப்பதிவு

ஒரு பாடலுக்குள் இரண்டு உரிமைகள் உள்ளன. ஒன்று, சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமை. இது எழுதியவருடையது. மற்றொன்று, பாடிப் பதிவு செய்த அந்த மூல ஒலிப்பதிவின் உரிமை. செலவு செய்தது நிறுவனம் என்பதால் இது பெரும்பாலும் நிறுவனத்திடம் போய்விடும். திரைப்படத்தில், விளம்பரத்தில் அந்தப் பதிவைப் பயன்படுத்த அனுமதி தருவதும், பிறருக்கு விற்பதும் அதன் உரிமையாளரின் கையில்தான்.

இதன் விளைவை டெய்லர் ஸ்விஃப்ட் அனுபவித்தார். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவுகள் 2019இல் அவர் விரும்பாத ஒருவரின் கைக்குப் போயின. சொற்களும் மெட்டும் தம்முடையவை என்பதால், 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்களை மீண்டும் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். 2025 மே மாதம்தான் பழைய பதிவுகளை விலைகொடுத்து மீட்டார்.

இதைப் பார்த்து வளர்ந்த ரோட்ரிகோ, ஒப்பந்தம் பேசும்போதே மூல ஒலிப்பதிவுகளின் உரிமை தமக்கே வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். முன்னே போனவர் முள்ளை மிதித்தார். பின்னே வந்தவர் பார்த்து நடந்தார். தொலைக்காட்சிப் புகழ் முன்பே இருந்ததால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவரைவிடப் புகழ்பெற்றவர்களும் கேட்காமல் கையெழுத்திட்டிருக்கிறார்களே!

தன் உழைப்பு தன் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு சான்று. 2024இல் உலகச் சுற்றுலா வந்தபோது அவர் கோலாலம்பூருக்கு வரவில்லை. அக்டோபர் 1, 2ஆம் நாள்களில் சிங்கப்பூரில் பாடினார். அடுத்து அக்டோபர் 5இல் பிலிப்பீன்ஸில். கொள்ளுத்தாத்தாவின் நாடான அங்கே எல்லா நுழைவுச்சீட்டுகளுக்கும் ஒரே விலை, 1,500 பெசோ. முன் வரிசைக்கும் அதேதான். கிடைத்த வருவாயும் நன்கொடையாகப் போனது.

நம் மேடைக்கு வருவோம்

இப்போது, தமிழ்க் கழக மலரில் இவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன்.

என் விடுதியில் இளையவர் ஒருவர் தமிழில் பாடல் எழுதுவார். மெட்டும் அவருடையதே. நோன்புப் பெருநாளுக்கு வீடு திரும்பும் பேருந்தில் தூங்கிவழியும் ஒரு மாணவியைப் பற்றி அவர் எழுதிய பாடலை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். எளிமையான, அழகான பாடல். அதை ஒரு கலை நிகழ்ச்சியில் பாட அவர் அனுமதி கேட்டபோது ஏற்பாட்டுக் குழுவினர் மறுத்தார்கள். "தெரியாத பாட்டுக்கு யாரும் கைதட்டமாட்டார்கள், தங்கச்சி. நல்ல சினிமாப் பாட்டாகப் பார்த்துப் பாடுங்கள்" என்றார்கள். அவரும் கரோக்கே இசைக்கு ஒரு திரைப்பாடலைப் பாடினார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. அவருடைய சொந்தப் பாடல் இன்னும் அவர் திறன்பேசியிலேயே கிடக்கிறது.

இதைத் தீய எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை. அதுதான் கவலை தருகிறது. டிஸ்னி ஆலை பணத்துக்காகச் செய்ததை நாம் பழக்கத்தால் செய்கிறோம். நல்ல குரல் உள்ள பெண்பிள்ளை கிடைத்தால் அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கிறோம், பேனாவைக் கொடுப்பதில்லை.

குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பள்ளியிலேயே நம்மில் பலர் படித்திருப்போம். அதை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்கிறோம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர் தொலைந்ததற்குக் காலத்தைக் காரணம் காட்டலாம். இன்று அச்சிடப்படும் நிகழ்ச்சி ஏட்டில் பாடலாசிரியரின் பெயர் விடுபட்டால் எதைக் காரணம் காட்டுவது?

கழகத்திடம் நான் வைக்கும் வேண்டுகோள் மூன்றே. ஒன்று, ஆண்டுதோறும் கலை இரவில் மாணவர் எழுதி மெட்டமைத்த பாடல் ஒன்றாவது இடம்பெற வேண்டும். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதல் பாடலிலேயே யாரும் சிகரம் தொட்டதில்லை. இரண்டு, நிகழ்ச்சி ஏட்டில் ஒவ்வொரு பாடலுக்கும், திரைப்பாடலானாலும் சரி, எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைப் பாடுபவர் பெயரோடு அச்சிட வேண்டும். மூன்று, மாணவர் படைப்பைப் பதிவு செய்து கழகத்தின் யூடியூப் பக்கத்தில் ஏற்றும்போது, அதன் உரிமை படைத்தவருக்கே என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு தாள் போதும்.

முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார், அக்காமாரிடமும் ஒன்று கேட்பேன். உங்களில் சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக்கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் பணியாற்றுபவர்கள் இருக்கிறீர்கள். ஒப்பந்தம் ஒன்றை எப்படிப் படிப்பது என்று ஒரு சனிக்கிழமை காலை வந்து சொல்லித் தந்தால், எங்களில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாமல் தப்பிப்பார்.

குரல் இயற்கை தருவது. பெயரை நாம்தான் எழுத வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி ஒரு பெரிய நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றதை, நாம் நமக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளத் தயங்கலாமா? சிந்திப்போம். அடுத்த கலை இரவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.